மேப் சென்சார்: பொய் சொல்கிறதா, சேதி சொல்கிறதா?

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் என் பழைய பெட்ரோல் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பிக்கப் போய்விடும். சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடும். மஞ்சள் எஞ்சின் விளக்கு வேறு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தவர் அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மேப் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மாற்றினோம். காசு போனது, கோளாறு போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே விளக்கு மறுபடி எரிந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். மேப் சென்சார் விஷயத்தில் பல இடங்களில் நடப்பது அதுதான். எஞ்சினுக்குள் நடப்பதை அது ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். சேதி கசப்பாக இருக்கிறது என்று சேதி கொண்டுவந்தவனைக் கழற்றி எறிகிறோம். சென்சாரே பழுதாவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. எது எப்போது என்று பிரித்தறிவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு மலிவான ஸ்கேனர், கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில், அது எதை அளக்கிறது?

இளநீர் குடிக்கும்போது குழாயின் நடுவில் விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். நசுக்கிய இடத்துக்கும் வாய்க்கும் நடுவே குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினிலும் இதே கதைதான். பிஸ்டன்கள் உறிஞ்சுகின்றன, நசுக்கும் விரல் த்ராட்டில் பாடியிலுள்ள தட்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாத்திரம்தான் இன்டேக் மேனிஃபோல்டு. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். மேனிஃபோல்டில் அழுத்தம் குறைந்திருக்கும். முழுக்க மிதித்தால் தட்டு திறந்து, வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே உள்ளே வந்துவிடும்.

இந்த அழுத்தத்தை அளந்து சொல்வதுதான் மேப் (மேனிஃபோல்டு அப்சல்யூட் பிரஷர்) சென்சாரின் ஒரே வேலை. உள்ளே மெல்லிய சிலிக்கன் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் காற்றை முழுக்க எடுத்துவிட்டு மூடிய அறை, மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்று. அழுத்தத்துக்கு ஏற்பச் சவ்வு வளையும். வளைந்தால் அதில் பதித்திருக்கும் நுண்ணிய மின்தடைகளின் மதிப்பு மாறும். அந்த மாற்றம் ஒரு வோல்டேஜாக வெளியே வரும். காற்றில்லா அறையோடு ஒப்பிட்டு அளப்பதால் இதைத் தனி அழுத்தம் என்பார்கள். அதாவது பூஜ்ஜியம் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லாத பூஜ்ஜியம்.

இதில் பழைய ஆட்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் வேக்கம் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எஞ்சின் நன்றாக இருந்தால் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, முள் 18, 20 அங்குலத்தில் (பாதரச அளவு) ஆடாமல் நிற்கும். அந்த மீட்டரில் எண் ஏறினால் அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். மேப் நேர் எதிர். 20 அங்குல வேக்கம் என்பது ஏறத்தாழ 68 கிலோபாஸ்கல். கடல் மட்டத்துக் காற்றழுத்தம் 101. கழித்தால் மிச்சம் 33. ஸ்கேனரில் 33 என்று தெரிவதும் பழைய மீட்டரில் 20 என்று தெரிவதும் ஒரே சேதிதான்.

சரி, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசிஎம்முக்கு இது எதற்கு? எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்ய எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். சில வண்டிகளில் காற்றின் அளவை நேரடியாகவே அளக்கும் மாஃப் சென்சார் இருக்கும். நம் ஊர் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றிலும், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய டூவீலர்கள் பலவற்றிலும் அது கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பம், எஞ்சின் சுற்றும் வேகம், இந்த மூன்றையும் வைத்து ஈசிஎம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வாயுக்களின் விதிதான்; வண்டி ஓட ஓட விடாமல் அந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. புதுச் சங்கதியும் இல்லை இது. 1967-இல் போஷ் நிறுவனம் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக் அமைப்பு மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் பெட்ரோலை அளந்தது. பெயரிலுள்ள 'டி' அழுத்தத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ட்ரூக்கின் முதலெழுத்து.

பொய் சொன்னால் வண்டி எப்படி நடந்துகொள்ளும்

மேலே சொன்ன கணக்கு புரிந்துவிட்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உண்மையை விட அதிக அழுத்தம் என்று சென்சார் சொன்னால், "நிறையக் காற்று வருகிறது" என்று நம்பி ஈசிஎம் பெட்ரோலைக் கொட்டும். கரும்புகை, பெட்ரோல் வாடை, கறுத்துப்போன ஸ்பார்க் பிளக், இறங்கிப்போன மைலேஜ். குறைவாகச் சொன்னால் பட்டினி போடும். மிதித்தவுடன் ஒரு தயக்கம், ஜெர்க், ஐட்லிங்கில் நின்றுவிடுதல். சுமை குறைவு என்று நினைத்து தீப்பொறியையும் முன்கூட்டியே போடுவதால் மேடேறும்போது எஞ்சினில் 'கிணிங் கிணிங்' என்று தட்டும் சத்தம்கூடக் கேட்கலாம்.

தொல்லை என்னவென்றால், இதே அறிகுறிகள் அழுக்கேறிய இன்ஜெக்டருக்கும், போன பிளக்குக்கும், பலவீனமான பெட்ரோல் பம்புக்கும் பொருந்தும். அதனால் அறிகுறியை வைத்து மட்டும் பார்ட்ஸ் கடைக்குப் போகாதீர்கள்.

ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்களுக்கும் (எஞ்சின் கோடு என்பார்கள்) அதே எச்சரிக்கை. பி0105 முதல் பி0109 வரை மேப் சென்சார் சம்பந்தப்பட்டவை. 0107 என்றால் வோல்டேஜ் மிகக் குறைவு, 0108 என்றால் மிக அதிகம், 0106 என்றால் அளவு மற்ற சென்சார்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை, 0109 என்றால் விட்டு விட்டு வருகிறது. கவனித்தீர்களா? ஒன்றுகூட "சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. சென்சாரிலிருந்து வரும் கம்பியில் ஈசிஎம் என்ன பார்த்தது என்பதை மட்டும்தான் சொல்கின்றன.

சாவி போடு, ஸ்டார்ட் செய்யாதே

முதல் சோதனைக்குப் பானெட்டைத் திறக்கக்கூட வேண்டாம். வண்டியில் ஸ்கேனர் மாட்டுவதற்கென்றே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, நேரலை அளவுகளில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் சுற்றவில்லை, யாரும் உறிஞ்சவில்லை. ஆகவே சென்சார் காட்ட வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்தின் காற்றழுத்தத்தை. சென்னையில் 100, 101. கோயம்புத்தூரில் ஏறத்தாழ 96. பெங்களூரில் 91-ஐ ஒட்டி. ஊட்டியில் 77 காட்டினால் பதற வேண்டாம், 2,200 மீட்டருக்கு மேலே அவ்வளவுதான் காற்று. அங்கே 100 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணைச் சரிபார்க்க வானிலை ஆப்பைத் திறந்து பார்க்காதீர்கள். அதில் வருகிற 1010 ஹெக்டோபாஸ்கல் போன்ற அளவு பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு ஈடுசெய்து சொல்லப்படுவது. ஊட்டியிலும் ஏறத்தாழ அதையேதான் காட்டும். அதை நம்பினால் நல்ல சென்சாரைக் கெட்டது என்று கழற்றிவிடுவீர்கள். உங்கள் போனிலேயே காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் நேரடி அளவைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு வண்டியில் கருவியைச் செருகி ஒப்பிடுங்கள். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒன்றேகால் கிலோபாஸ்கல் குறையும் என்ற தோராயக் கணக்கும் உதவும்.

சாவி போட்டதும் வருகிற இந்த எண்ணையே பல ஈசிஎம்கள் அன்றைய ஊர்க் காற்றழுத்தமாக எடுத்துக்கொள்கின்றன. அதனால் இங்கே நாலைந்து கிலோபாஸ்கல் பிசகினால்கூட அன்றைய கணக்கு முழுவதும் கோணலாகத்தான் தொடங்கும்.

இந்தச் சோதனையில் பாஸ் என்றால் சென்சார் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஒரு கிலோ படிக்கல்லுக்குச் சரியாகக் காட்டும் தராசு நூறு கிராமுக்கும் சரியாகக் காட்டும் என்று என்ன நிச்சயம்? கீழ்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும் வரை விடுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் ஆஃப். ஆரோக்கியமான பெட்ரோல் எஞ்சின் ஐட்லிங்கில் 30-க்கும் 40-க்கும் நடுவே எங்கோ நிலையாக நிற்கும். ஏசி போட்டால் கொஞ்சம் ஏறும். இப்போது ஆக்சிலரேட்டரை ஒரு வெட்டு வெட்டி விடுங்கள்: எண் சட்டென்று வெளிக்காற்றின் அளவை நோக்கிப் பாயும், காலை எடுத்ததும் ஐட்லிங் அளவுக்கும் கீழே, 20, 25 வரை விழுந்து, பிறகு பழைய இடத்துக்கு வரும். பாயாமல் சோம்பலாக ஏறி இறங்கினால் சென்சாரின் வாயில் கார்பன் அடைத்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் ஹோஸ் மடங்கியிருக்கலாம். மலிவு ப்ளூடூத் கருவி மெதுவாகத்தான் எண்ணைப் புதுப்பிக்கும். அதையும் மனதில் வையுங்கள். அந்தத் தாமதத்தைச் சென்சாரின் தலையில் கட்டக் கூடாது.

டீசல் வண்டிக்காரர்கள் இந்த ஐட்லிங் எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது. டீசலில் காற்றை நசுக்கும் விரல் வழக்கமாக இல்லை. ஐட்லிங்கிலேயே ஏறத்தாழ 100 காட்டும்; டர்போ இழுக்கும்போது 200-ஐத் தாண்டும். அங்கே தகராறு பெரும்பாலும் கரிதான். இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) வழியாகத் திரும்பிவரும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சென்சாரின் துளையைத் தார் போல மூடிவிடும்.

எண் அதிகமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். சாவி மட்டும் போட்டபோது சரியாக 100 காட்டிய சென்சார், ஐட்லிங்கில் 55 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை உடனே சென்சாருக்குப் போகும். நிறுத்துங்கள். மேனிஃபோல்டில் உண்மையிலேயே 55 இருந்தால்?

எஞ்சின் ஒழுங்காக உறிஞ்சவில்லை என்றால் அப்படித்தான் இருக்கும். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். கம்ப்ரெஷன் போயிருக்கலாம். சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டு புகை வெளியே போக முடியாமல் திணறலாம். இந்தக் கடைசி வகையில் ஐட்லிங் ஓரளவு சரியாக இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடித்தால் எண் மெல்ல மெல்ல ஏறும். இத்தனைக்கும் சென்சார் அப்பழுக்கில்லாதது.

காற்றுக் கசிவும் இந்தப் பட்டியலில்தான் வரும், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாஃப் சென்சார் உள்ள வண்டியில் மேனிஃபோல்டு கசிந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை வறண்டுவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. மேப் வண்டியில் அப்படி இல்லை. கசிந்து வந்த காற்றும் அழுத்தமாக அளவில் சேர்ந்துவிடுவதால் ஈசிஎம் அதற்கும் பெட்ரோல் கொடுக்கும். விளைவு, கலவை பெரிதாகக் கெடாமல் ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும், அல்லது ஏறி இறங்கி ஆடும். ஆனால் மேனிஃபோல்டில் இல்லாமல் சென்சாருக்கென்றே போகும் சின்ன ஹோஸ் பிய்ந்துவிட்டால் கதை வேறு. எஞ்சின் 33-இல் உறிஞ்சிக்கொண்டிருக்க, சென்சார் தெருக்காற்றை அளந்து 90, 100 என்று சொல்லும். கரும்புகைதான். பத்து ரூபாய் ரப்பர் குழாய்க்குச் சென்சார் மாற்றிய கதைகளில் பாதி இந்த ரகம்.

எனவே சந்தேகம் வந்ததும் முதலில் கண்ணுக்கு வேலை கொடுங்கள். ஹோஸ் வெடித்திருக்கிறதா, முனையில் நெகிழ்ந்திருக்கிறதா, உள்ளே எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கிறதா? நேரடியாக மேனிஃபோல்டில் செருகும் ரகமாக இருந்தால் ஓ-ரிங் முழுசாக இருக்கிறதா? இன்னும் உறுதி வேண்டுமென்றால் பழைய வேக்கம் கேஜை மேனிஃபோல்டில் மாட்டிப் பாருங்கள். கேஜும் ஸ்கேனரும் ஒரே சேதியைச் சொன்னால் சென்சாரை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள்.

மூன்று கம்பிகள்

சென்சாரின் கப்ளரில் (வயரைச் சென்சாரில் செருகும் இணைப்பு) வழக்கமாக மூன்று கம்பிகள் இருக்கும்: ஈசிஎம் தரும் 5 வோல்ட், எர்த், சிக்னல். நாலாவது இருந்தால் அது காற்றின் வெப்பத்தைச் சொல்வது. கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய குண்டூசியைக் கம்பியோடு ஒட்டி உள்ளே விட்டு அளப்பது நல்லது. இன்சுலேஷனைக் குத்தினால் மழையில் அந்த ஓட்டை வழியே துருப்பிடிக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சாவி ஆன்.

5 வோல்ட் கம்பியில் 5 வோல்ட் வர வேண்டும். எர்த் கம்பியில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிக்னல் கம்பியில், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியென்றால், எஞ்சின் நிற்கும்போது 4 வோல்ட்டை ஒட்டியும் ஐட்லிங்கில் 1 முதல் 1.5 வோல்ட்டும் வருவது வழக்கம். டர்போ வண்டியின் சென்சார் இன்னும் பெரிய அழுத்தத்தை அளக்க வேண்டியிருப்பதால் நிற்கும்போதே 2 வோல்ட் பக்கம்தான் காட்டும். துல்லியமான எண் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

5 வோல்ட் வரவில்லையா? கப்ளரைக் கழற்றுங்கள். கழற்றியதும் 5 வோல்ட் வந்தால் சென்சாருக்குள்ளேயே ஷார்ட், குற்றவாளி கிடைத்துவிட்டார். அப்போதும் வரவில்லை என்றால் சென்சார் நிரபராதி. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்த 5 வோல்ட்டை ஈசிஎம் பல சென்சார்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. த்ராட்டில் பொசிஷன் சென்சார், ஏசி பிரஷர் சென்சார் என்று ஒரே வீட்டுச் சோற்றில் பலர். ஒருவர் ஷார்ட் ஆனால் அத்தனை பேரும் பட்டினி. ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கே கோளாறு. எதைக் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரிங், அல்லது ஈசிஎம்மே.

என் வண்டியில் நடந்தது இதுதான். ஸ்கேனரில் பி0107 மட்டுமல்ல, த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் பி0122-உம் இருந்திருக்கிறது. அதுவும் 'வோல்டேஜ் குறைவு' வகைதான். முதல் கோளாறு எண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு சென்சார்கள் ஒரே நாளில் செத்துப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. கடைசியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் கேட்டார். ஸ்டார்ட் செய்யாமல், மல்டிமீட்டரை 5 வோல்ட் கம்பியில் மாட்டிவிட்டு வயர் கட்டைக் கையால் அங்கங்கே அசைத்துக்கொண்டே வந்தார். பேட்டரி டிரேக்கு அடியில் கை போனதும் எண் 5-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. எலி. ஏசி பிரஷர் சென்சாருக்குப் போகும் கம்பியில் தோலைக் கடித்திருந்தது; பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் செம்பு இரும்புத் தட்டில் பட்டு எர்த் ஆகியிருக்கிறது.

5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்து, சிக்னல் மட்டும் கோணலாக இருந்தால்தான் சென்சாரின் மேல் உண்மையாகச் சந்தேகம் விழுகிறது. அப்போது கடைசிச் சோதனை. சென்சாரைக் கழற்றிக் கப்ளரை மாட்டியே வைத்து, சாவி ஆன் செய்து, அதன் மூக்கில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் குழாய் வழியே உறிஞ்ச வேண்டும். கை வேக்கம் பம்ப் இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சு. பிஸ்டனை மெல்ல இழுக்க இழுக்க வோல்டேஜ் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இழுத்தபடி பிடித்தால் நிலையாக நிற்க வேண்டும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுவில் தாவினாலோ, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டாலோ, இழுத்தும் அசையவே இல்லை என்றாலோ மாற்றிவிடுங்கள், வாதமே வேண்டாம்.

கப்ளரையே கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கும் குறுக்கு வழியும் ஒன்று உண்டு. சென்சார் இல்லை என்று தெரிந்ததும் பெரும்பாலான ஈசிஎம்கள் த்ராட்டில் நிலையையும் ஆர்பிஎம்மையும் வைத்து ஒரு தோராய மதிப்பைப் போட்டுக்கொள்ளும். கழற்றிய பிறகு வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால், அதுவரை ஈசிஎம்முக்குப் பொய்ச் சேதி போயிருக்கிறது. பொய் சென்சாருடையதா ஹோஸுடையதா கம்பியுடையதா என்று இந்தச் சோதனை சொல்லாது. எனக்கு இதில் அவ்வளவு மரியாதை இல்லை, ஆனால் கையில் ஒன்றும் இல்லாத நடுவழியில் உதவும்.

வெறும் கரி அடைப்பு என்றால் மாற்றத் தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரை அடித்து, தானாக வழிய விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துளைக்குள் கம்பியோ ஊசியோ விடாதீர்கள். உள்ளே இருப்பது சவ்வு. கம்ப்ரெஸர் காற்றும் ஆகாது.

மாற்றுவது என்று முடிவானால் கப்ளர் பொருந்துகிறதே என்று வாங்காதீர்கள். உருவம் ஒன்றாக இருந்து அளவீடு வேறாக இருக்கும் சென்சார்கள் நிறைய உண்டு. பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். மாட்டியதும் பழைய கோளாறு எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன்பே முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள்: சாவி ஆன், உங்கள் ஊர்க் காற்றழுத்தம் வருகிறதா? ஈசிஎம் பழைய பொய்க்கு ஈடாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருக்கும். அது மறக்கக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிக் கையில் கொடுத்த என் பழைய சென்சாரை அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே சிரிஞ்சு வைத்துச் சோதித்தேன். நிற்கும்போது 4 வோல்ட், இழுக்க இழுக்க வழுக்கிக்கொண்டு இறங்கி 1.3. விட்டதும் மறுபடி 4. திரும்ப வண்டியிலேயே மாட்டிவிட்டேன். புதியது டிக்கியில் ஸ்பேராகக் கிடக்கிறது.